சந்திரமதியின் ஸ்கொட்லாந்து நோட்டுகள்

ஜெனீவா
13.10.1985

அன்புத் தங்கை சந்திராவுக்கு,

நேற்று எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் சிவானந்தராசா ஒரு சூரிச் பத்திரிகையை மேசையில் விரித்துப் போட்டார். அதில் உன் படம். ஒரு ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். ஜேர்மன் தெரிந்த ஒருவர் கீழே இருந்ததை வாசித்துச் சொன்னார்: இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தி சேர்த்து வைத்திருக்கும் பழைய ஸ்கொட்லாந்து நோட்டுகளாம், அவற்றுக்கு அவளே விவரப்பட்டியல் எழுதுகிறாளாம். பிறகு சிவானந்தராசா சொன்னார்: “அங்கை சனம் சாகுது. எங்கடை செயலாளற்றை தங்கச்சி இஞ்சை வெள்ளைக்காரன்ரை செத்த காசு சேர்க்கிறா.”

நான் தலை குனிந்துகொண்டு இருந்தேன்.

உன் அகதி விசாரணை இன்னும் நடக்கவில்லை என்பதை மறந்துவிட்டாயா? இந்த நாட்டில் எங்களைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். தோல் ஜாக்கெட் போட்டவன் போதைமருந்து விற்கிறவன், நல்ல சப்பாத்துப் போட்டவன் பொய் அகதி. உயிருக்குப் பயந்து ஓடினவள் எப்படி ஆல்பத்தோடு வந்தாள் என்று ஒரு உத்தியோகத்தன் கேட்டால் என்ன சொல்லப் போகிறாய்?

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் இரண்டு வருஷம் வைத்திருந்தேன். 83 ஆடிக் கலவரத்தில் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டைக் கொளுத்த வந்தபோது நீ பின்மதில் ஏறித் தப்பினாய். சாமியறையில் அம்மாவின் படம் இருந்தது. அம்மாவை எடுத்த ஒரே படம். அது எரிந்து போனது, இந்தத் தாள்கள் தப்பிவிட்டன. பதற்றத்தில் கைக்கு எட்டியதைத் தூக்கியிருப்பாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் நீ சிரிப்பதைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

அந்த ஆல்பத்தை யாரிடமாவது கொடுத்துத் தொலை. உன் அண்ணி மனோகரி உன்னைச் சுகம் கேட்கிறாள்.

உன் அண்ணன்,
சச்சிதானந்தன்


ஓர்லிகோன், சூரிச்
20.10.1985

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் சமாதானத்தை நானே உடைத்துவிடுகிறேன். நான் கைக்கு எட்டியதைத் தூக்கவில்லை. சாமியறைக் கதவும் என் அறைக் கதவும் திறந்தே இருந்தன. இரண்டுக்கும் நடுவில் நின்றேன். ஒழுங்கை முனையில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. யோசித்துத்தான் என் அறைக்குள் போனேன்.

அம்மாவின் முகம் எனக்குப் படம் இல்லாமலே தெரியும். அவ பாயோடு கிடந்த காலம் முழுக்க அந்த முகத்தைத் துடைத்தது நான். நீங்கள் அப்போது ஜெனீவாவில் இருந்தீர்கள். உங்களுக்குத்தான் படம் தேவை. இதை எழுத வேண்டாம் என்று பேனையை வைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

வீட்டில் இருந்த மற்ற எல்லாம் யாரோ எனக்குத் தந்தவை. நகை அம்மா தந்தது. கட்டில் அப்பா வாங்கியது. கொழும்பு வேலைகூட மாமா பிடித்துத் தந்தது. இந்த நோட்டுகள் மட்டும் நான் விரும்பி, நான் தேடிச் சேர்த்தவை. நான் சுருக்கெழுத்துக்காரியாக இருந்த கம்பனியின் கணக்காளர் ஸ்கொட்லாந்துக்காரர். ஓய்வு பெற்றுப் போகும்போது தன் ஊர் வங்கியின் ஒரு பவுண் நோட்டை என் மேசையில் வைத்துச் சிரித்தார். “இதை லண்டனில் நீட்டினால் கடைக்காரன் உன்னைக் கள்ளி மாதிரிப் பார்ப்பான். ஆனால் இது நல்ல காசு” என்றார். அன்று பிடித்தது எனக்கு. பிறகு அபர்டீனில் ஒரு அம்மாவோடு கடிதத் தொடர்பு. நான் பழைய இலங்கை நோட்டு அனுப்புவேன், அவ ஸ்கொட்லாந்து நோட்டு அனுப்புவா.

நீங்கள் ஒரு தரமும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். அங்கே நோட்டு அடிப்பது அரசாங்கம் மட்டும் அல்ல. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் வங்கி, ஒவ்வொன்றுக்கும் சொந்த நோட்டு. இன்று மூன்று வங்கிதான் மிச்சம். மற்றவை முறிந்தன, அல்லது பெரியவற்றோடு சேர்ந்தன. லினன் துணி வியாபாரத்துக்குத் தொடங்கி வங்கியாக மாறிய ஒன்றின் நோட்டு நீலமும் சிவப்புமாக, மூக்குத் துடைக்கிற கைலேஞ்சி அளவில் இருக்கும். மிகப் பழையவற்றில் ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெறுமை. அந்த வெறுமையில் யாராவது பென்சிலால் பெயர் எழுதியிருப்பார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதுகிறேன்: எந்த வங்கி, எந்தத் திகதி, யார் அச்சிட்டது, கையொப்பம் மையா அச்சா, எங்கே கிழிந்தது. கிழிசலை மறைத்து எழுதினால் அது விவரப்பட்டியல் இல்லை, விளம்பரம்.

எனக்குத் தட்டச்சு இயந்திரம் இரவல் தந்தவ இங்குள்ள சேகரிப்பாளர் கழகத்து மனிசி. தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வெடுத்தவ. பெயர் ஃப்ரௌ அம்மான். சிரிக்க வேண்டாம், ஃப்ரௌ என்றால் திருமதி, பொம்பிளைதான். எங்கள் ஊரில் அம்மான் என்றால் தாய்மாமன் என்று விளங்கப்படுத்தினேன். அன்றிலிருந்து என்னை “மருமகளே” என்று தமிழில் கூப்பிடுகிறா.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகல் முழுக்க உருளைக்கிழங்கு உரிக்கிறேன். ஊர்வலம் வைத்தால் வருகிறேன். அழ வேண்டிய நேரத்தில் அழுகிறேன். அதற்கு மேல் என்னிடம் ஒரு விருப்பம் இருக்கிறது. அகதிக்கு விருப்பம் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று சிவானந்தராசா அண்ணையிடம் கேட்டு எழுதுங்கள்.

ஆல்பத்தை ஒருவரிடமும் கொடுக்க மாட்டேன்.

சந்திரமதி


ஜெனீவா
9.2.1986

சந்திராவுக்கு,

விசாரணைக்குத் திகதி வந்ததை மனோகரிக்கு எழுதியிருக்கிறாய், எனக்கு எழுதவில்லை. பரவாயில்லை. நான் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன். நீயும் அப்படியே வாசி.

இங்கே அகதிகளுக்கு உதவுகிற ஒரு வழக்கறிஞரோடு கதைத்தேன். அவர் சொன்னது: பத்திரிகைச் செய்தி உன் கோப்பில் நிச்சயம் இருக்கும். கேட்பார்கள். ஆல்பம் ஃப்ரௌ அம்மானுடையது, நீ தட்டச்சுக்கு உதவி செய்கிறாய், பத்திரிகைக்காரன் பிழையாக விளங்கிக்கொண்டான் என்று சொல். ஒரு வசனம்தான். அந்த மனிசியும் மறுக்க மாட்டா. மொழிபெயர்க்க வருபவர் பெரும்பாலும் வரதராசாவாக இருக்கும். எங்கள் பக்கத்து மனிசன், பயப்படாதே.

இன்னொன்று. அரசில்லாத சனம் தன் கையால் நோட்டு அடிக்கிற கதையை உன் கடிதத்திலிருந்து மனோகரி எனக்கு வாசித்துக் காட்டினாள். அதைச் சங்கத்தில் சொன்னேன், எல்லோரும் நிமிர்ந்து இருந்தார்கள். அடுத்த மாதம் ஐ.நா. முன்றலில் கூடுகிறோம். உன் நோட்டுகளில் இரண்டைப் பெரிதாக்கிப் பதாகையாகப் பிடித்தால் நல்ல பொருத்தமாக இருக்கும். சனத்திடம் உன் பெயரும் திருத்தமாகிவிடும்.

பிடிவாதம் பிடிக்காதே. ஒரே ஒரு வசனம்.

அண்ணன்


ஓர்லிகோன்
2.3.1986

அண்ணைக்கு,

பதாகைக்கு என் நோட்டுகள் வராது. அவை எங்கள் விடுதலைக்காக அடிக்கப்பட்டவை அல்ல, ஸ்கொட்லாந்துக்காரன் மாடு வாங்கவும் வாடகை கட்டவும் அடிக்கப்பட்டவை. அவற்றின் வாயில் எங்கள் கோஷத்தைத் திணிப்பது பொய்.

பொய்யைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை விசாரணை. உத்தியோகத்தர் இளம் ஆள், மரியாதையாகத்தான் கேட்டார். வெள்ளவத்தை, பின்மதில், என்னை ஒளித்து வைத்த சிங்களக் குடும்பம், இரத்மலானை முகாம், காங்கேசன்துறைக்குப் போன கப்பல், எல்லாம் சொன்னேன். வரதராசா அண்ணை ஒழுங்காக மொழிபெயர்த்தார். பிறகு உத்தியோகத்தர் பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“இந்த ஆல்பம் யாருடையது?”

“என்ரை” என்றேன்.

வரதராசா அண்ணை ஜேர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்லுக்கு அவ்வளவு நீளமா என்று பார்த்தேன். நடுவில் ‘ஃப்ரௌ அம்மான்’ என்று என் காதில் விழுந்தது. உத்தியோகத்தர் தலையாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

“அண்ணை, நான் அவவின்ரை பேரைச் சொல்லேல்லையே?”

அவர் என்னைப் பார்க்காமல், “பேசாமல் இரும் பிள்ளை. உம்மடை நன்மைக்குத்தான். உம்மடை அண்ணர் எல்லாம் என்னோடை கதைச்சவர்” என்றார்.

அண்ணை, அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. என் வாய்க்குள் இருந்து வேறொருவர் கதைக்கிறார், அந்தக் குரல் உங்களுடையது. வெள்ளவத்தையில் வந்தவர்கள் என் வீட்டை எடுத்தார்கள். நீங்கள் என் பதிலை எடுத்தீர்கள்.

நான் எழும்பி நின்றேன். எனக்குத் தெரிந்த ஜேர்மன் சமையலறை ஜேர்மன்தான். அது போதுமாக இருந்தது. “நைன். நிக்ட் ஃப்ரௌ அம்மான். மைன். மைன் ஆல்பம்” என்றேன், இல்லை, அவவுடையது அல்ல, என் ஆல்பம் என்று. உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்தார். எழுதியதைக் காட்டச் சொன்னேன். அவர் காட்டினார். ஃப்ரௌ அம்மான் என்ற பெயர் மேல் விரலை வைத்து, வெட்டச் சொன்னேன். வெட்டினார்.

பிறகு கேட்டார்: “உயிருக்கு ஆபத்தான நேரத்தில் பணமோ நகையோ கடவுச்சீட்டோ எடுக்காமல், செல்லாத காசை எடுத்தீர்களா?”

“செல்லாத காசு இல்லை. அது என்ரை. தெரிஞ்சுதான் எடுத்தனான்.”

“இது உங்களுக்கே விசித்திரமாகத் தெரியவில்லையா?”

“உங்கடை வீடு எரியேக்கை நீங்கள் எதை எடுப்பியள்?”

வரதராசா அண்ணை அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். “சொல்லுங்கோ” என்றேன். சொன்னார். உத்தியோகத்தர், “இங்கே கேள்வி கேட்பது நான்” என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது வரதராசா அண்ணை, “உம்மடை தலையிலை நீரே மண்ணை அள்ளிப் போட்டிட்டீர்” என்றார். இருக்கலாம். என் கையால் போட்டது.

சந்திரமதி


ஜெனீவா
10.3.1986

சந்திரா,

ஓம். வரதராசாவிடம் நான்தான் கேட்டேன். திரும்பவும் சந்தர்ப்பம் வந்தால் திரும்பவும் கேட்பேன்.

உன்னைத் திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் யார் உன்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள், எங்கே கொண்டு போவார்கள் என்று நீ யோசிக்கிறாயா? நான் யோசிக்கிறேன். ஹோட்டலில் பாத்திரம் கழுவும்போது யோசிக்கிறேன். நீ உண்மை சொன்னாய் என்று பெருமைப்படு. உனக்கு ஏதும் நடந்தால் அந்தப் பெருமையை வைத்து நான் என்ன செய்ய? நீ உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக நான் நூறு பொய் சொல்வேன். உன்னிடம் அனுமதி கேட்க மாட்டேன்.

உன் பதிலை நான் எடுத்தேன் என்றும், வீட்டைக் கொளுத்தியவர்களோடு என்னைச் சேர்த்தும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் பதில் வராது.

சச்சிதானந்தன்


ஓர்லிகோன்
14.9.1986

அண்ணைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பேர்னில் உள்ள அகதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஃப்ரௌ அம்மான் எனக்கு வாசித்து, எளிய ஜேர்மனில் விளங்கப்படுத்தினா. ‘உண்மையாகவே உயிராபத்தில் இருந்த ஒருவர் சேகரிப்புப் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீட்டிருப்பார் என்பது நம்பத்தகுந்ததல்ல’ என்று இருக்கிறது. அதை வாசித்துவிட்டு மனிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தா. நான்தான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் சொன்னபடி நடந்துவிட்டது. அதற்காக நான் சொன்னதை மாற்ற மாட்டேன். மேன்முறையீடு செய்திருக்கிறேன். முடிவு வரும்வரை இங்கே இருக்கலாம்.

கழகம் நவம்பரில் ஓர்லிகோனில் கண்காட்சி வைக்கிறது. எனக்கும் ஒரு மேசை. நிராகரிப்பு வந்த செய்தி தெரிந்ததும் கழகத் தலைவர் வந்தார். நல்ல மனிதர்தான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இந்த நிலைமையில் மேசையில் ஃப்ரௌ அம்மானின் பெயரைப் போட்டால் உங்களுக்கும் பாதுகாப்பு, கழகத்துக்கும் கரைச்சல் இல்லை” என்றார். நான் வாய் திறக்கும் முன்னே ஃப்ரௌ அம்மான், “அப்படியென்றால் என் மேசையையும் எடுத்துவிடுங்கள்” என்றா. என் பெயர்தான் போடப்படுகிறது. முழுப் பெயர்.

அன்று எழுதிய அந்த ஒரு வரி, கொளுத்தியவர்களோடு உங்களைச் சேர்த்தது, அளவுக்கு மிஞ்சியது. மற்ற வரிகள் அப்படியே நிற்கின்றன.

சந்திரமதி


ஜெனீவா
26.10.1986

அன்புத் தங்கை சந்திராவுக்கு,

பதில் வராது என்று எழுதியவன் எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் இருந்த பேர்ன் வசனத்தை மனோகரி சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “நீங்கள் இதை ஒவ்வொரு நாளும் வாசிக்கோணும்” என்றாள். வாசித்தேன். நம்பத்தகுந்ததல்லவாம். அப்படியானால் நம்பத்தகுந்த சனம் எதைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று எனக்கு ஒரு வீறாப்பு வந்துவிட்டது. சங்கத்துக்குப் போனேன். எல்லோரையும் இருத்தி, “ஓடி வரேக்கை கையிலை என்ன இருந்தது? உண்மையைச் சொல்லுங்கோ” என்று கேட்டேன்.

முதலில் தில்லைநாயகி அக்கா சொன்னா: சோறு வடித்த சட்டி. சோறு இல்லை, வெறும் சட்டி. முகாமுக்குப் போன பிறகுதான் உள்ளே பார்த்தாவாம். யோகராஜா கிரிக்கெட் துடுப்போடு வந்தவன். யாரையும் அடிக்க அல்ல, அது புதிதாம். கதிர்காமத்தம்பி அலாம் மணிக்கூட்டோடு பற்றைக்குள் கிடந்தவர். அது அடிக்கத் தொடங்க, வயிற்றுக்குக் கீழே வைத்து அதன் மேல் படுத்திருக்கிறார். மட்டக்களப்பு அழகிப்பிள்ளை அக்கா மாமியாரின் கட்டுப்பல்லைக் கொண்டு வந்திருக்கிறா. மாமியாரோ தனியாக வேறு பக்கம் ஓடிவிட்டா. எல்லோரும் சிரித்தோம், கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம்.

கடைசியில் சிவானந்தராசா, “தலைகாணி” என்றார். “எங்கடை வீட்டிலை இரும்புப் பெட்டி இருந்தது. அதைப் பூட்டின துறப்பு என்ரை இடுப்பிலை. நான் தலைகாணியைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். ஏனெண்டு இண்டைவரைக்கும் தெரியாது” என்றார். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் தாங்கள் சொன்னதை எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். முதல் கையொப்பம் சிவானந்தராசாவுடையது. மனோகரி பிரெஞ்சில் திருப்பினாள், வழக்கறிஞர் பார்த்துத் திருத்தினார். உன் மேன்முறையீட்டோடு சேர்க்கப் பேர்னுக்கு அனுப்பிவிட்டோம். வரதராசாவும் ஒரு கடிதம் எழுதித் தந்திருக்கிறார், அன்று தான் மாற்றிச் சொன்னதாக. அதை எழுதினால் தன் வேலை போகும் என்று தெரிந்தும் எழுதினார். நான் கேட்கவில்லை.

என்னிடமும் கேட்டார்கள். நான் கொழும்பிலிருந்து விமானம் ஏறி வந்தவன். அம்மா அடுக்கித் தந்த பெட்டியோடு வந்தேன். அதற்குள் என்ன இருந்தது என்று இங்கே வந்துதான் பார்த்தேன்.

அம்மாவின் படத்துக்காக உன் மேல் உள்ள கோபம் போகவில்லை. போகும் என்றும் நினைக்காதே. அது எனக்கும் உனக்கும் இடையில் உள்ளது. அதைப் பேர்னுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கண்காட்சிக்கு வாறேன்.

அண்ணன்


ஓர்லிகோன்
21.6.1987

அன்புள்ள அண்ணைக்கு,

கிடைத்துவிட்டது. நான் இந்த நாட்டில் இருக்கலாம் என்று பேர்னிலிருந்து எழுதியிருக்கிறார்கள். தொலைபேசியில் மனோகரி அண்ணியிடம் சொன்னேன், உங்களுக்கும் அவ சொல்லியிருப்பா. ஆனால் இது கடிதமாகவும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நவம்பரில் நீங்கள் என் மேசைக்கு முன்னால் வெகு நேரம் நின்றீர்கள். நீலமும் சிவப்புமான அந்தப் பெரிய நோட்டைக் காட்டி, “உதைக் கையிலை பிடிச்சுப் பார்க்கலாமோ?” என்று மட்டும் கேட்டீர்கள். கை கழுவாமல் ஒருவருக்கும் தர மாட்டேன் என்றேன். உங்களுக்கு முகம் சிவந்தது. ஆனால் போய்க் கழுவிக்கொண்டு வந்தீர்கள். ஈரம் போகத் துடைத்தும் வந்தீர்கள். அதை நான் ஃப்ரௌ அம்மானுக்கு இன்னும் சொல்லிச் சிரிக்கிறேன்.

விவரப்பட்டியல் அச்சாகிவிட்டது. மெல்லிய புத்தகம். ஒரு பிரதி இதோடு வருகிறது. கிழிசல்கள் எல்லாம் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பிரதி அபர்டீனுக்கும் போயிருக்கிறது.

மேன்முறையீட்டில் பழைய முடிவை நீக்கி, என்னைத் திரும்ப விசாரிக்கச் சொன்னார்கள் அல்லவா? அந்த இரண்டாம் விசாரணையில் நடந்ததை நான் உங்களுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. முடிவு வரட்டும் என்று இருந்தேன். இந்த முறை உத்தியோகத்தர் ஒரு பெண், நரைத்த தலை. மொழிபெயர்க்க யோகாம்பாள் என்று ஒரு மனிசி வந்தா. நான் முதலிலேயே, “நான் சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கோ. நல்லதாக்க வேண்டாம்” என்றேன். அவ, “ஓம், அதுக்குத்தானே வந்தனான்” என்றா.

உத்தியோகத்தர் ஜெனீவாவிலிருந்து போன கடிதங்களை வாசித்திருந்தா. தலைகாணியைப் பற்றி வாசித்ததாகச் சொன்னா. பிறகு கோப்பை மூடி வைத்துவிட்டுக் கேட்டா: “உங்கள் நாட்டில் அன்று என்ன எடுத்தீர்கள் என்று விளங்கிக்கொண்டேன். நாளைக்கு இந்த நாட்டிலிருந்தும் போக நேர்ந்தால் எதை எடுப்பீர்கள்?”

அது நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்வி. அவவின் முகத்தில் தெரிந்தது. ஆல்பம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தா, யோகாம்பாளும் அதையே எதிர்பார்த்தா.

“ஒண்டும் எடுக்க மாட்டன்” என்றேன். “இந்த முறை நான் ஓட மாட்டன். என்னை அனுப்பிறதெண்டால் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேணும். நான் பாரம்.”

யோகாம்பாள் ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னா. உத்தியோகத்தர் ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதினா. வாசித்துக் காட்டினார்கள். நான் கையொப்பம் வைத்தேன்.

தங்கை,
சந்திரமதி